சுவரில் படரும் பூஞ்சை: பெயின்ட் அடித்து மறைத்தால் போதுமா?

தென்மேற்குப் பருவமழை நீடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், மும்பை, கொங்கண் கடலோரம், கேரளம் ஆகிய பகுதிகளில் வீட்டுச் சுவர்களில் கரும்புள்ளிகள் தோன்றுவதும், அலமாரியில் உள்ள துணிகளிலும் தோல் பொருள்களிலும் சாம்பல் நிறப் படலம் படிவதும் வழக்கம். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்த பிறகு, சேற்றை அகற்றிய வீடுகளிலும் ஈரம் ஊறிய சுவர்களும் மரச்சாமான்களும் பூஞ்சை பிடித்தன.

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வீட்டிலிருந்து முற்றிலும் அகற்ற இயலாது. காகிதம், மரம், துணி, சுவரில் படிந்த தூசி என எதுவும் அவற்றுக்கு உணவாகும். தேவைப்படுவது ஈரம் மட்டுமே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் அதில் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும்.

யாருக்கு ஆபத்து?

ஈரக்கசிவும் பூஞ்சையும் உள்ள கட்டடங்களில் வசிப்போருக்குச் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்துமா தீவிரமடைவதும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறிப்பிட்டுள்ளது. தும்மல், மூக்கடைப்பு, கண் எரிச்சல், வறட்டு இருமல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நுரையீரல் தொற்றையே ஏற்படுத்தக்கூடும். வெளியூரில் சில நாள்கள் தங்கும்போது குறையும் இருமல், வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கினால் அதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

சுவரில் உள்ள கறுப்புப் படலத்தைக் கண்டதும், 2021-இல் கரோனா இரண்டாம் அலையின்போது பரவலாகப் பேசப்பட்ட 'கருப்புப் பூஞ்சை' நோய் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அது வேறு. மியூகோர்மைகோசிஸ் எனப்படும் அந்நோய், பெரும்பாலும் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஸ்டீராய்டு சிகிச்சை பெற்றவர்களையுமே தாக்கியது. சுவரின் நிறத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

முதலில் கசிவு, பிறகு கறை

கறையைத் துடைப்பதோ, அதன் மீது பெயின்ட் அடிப்பதோ தீர்வாகாது. ஈரம் நீடித்தால் பெயின்ட் உரிந்து, பூஞ்சை மீண்டும் தலைகாட்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாதவாறு ஒட்டி, ஓரிரு நாள்களுக்குப் பின் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் கசிவு உள்ளது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரப்பதமே காரணம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிக்கல் பெரிது. கசிவது மேல்வீட்டுக் குளியலறை. பூஞ்சை பிடிப்பதோ கீழ்வீட்டுக் கூரை. செலவு யாருடையது என்ற வாக்குவாதம் முடிவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடுகிறது.

டைல்ஸ், கண்ணாடி போன்ற கடினமான பரப்புகளைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தினாலே போதும். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிவது அவசியம். பூஞ்சை ஊடுருவிய மெத்தை, ஜிப்சம் பலகை போன்றவற்றை அப்புறப்படுத்துவதே நல்லது. பாதிப்பு சுமார் 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் தொழில்முறைப் பணியாளர்களை நாடலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரை.

பிளீச்சிங் திரவத்தைக் கழிப்பறை சுத்தம் செய்யும் ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து வெளியாகும் குளோரின் வாயு, பூஞ்சையைவிட மிக விரைவாக நுரையீரலைப் பாதிக்கும். அம்மோனியா கலந்த திரவங்களுடன் சேர்ப்பதும் ஆபத்தானதே.

அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும். அதை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்துவதைத் தவிர்ப்பதும், சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் பயன்படுத்துவதும், அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பதும் பயன் தரும். கசிவைச் சரிசெய்த பிறகும் சுவர் முழுமையாக உலரப் பல வாரங்கள் ஆகலாம். பெயின்ட் அடிப்பதை அதுவரை தள்ளிவைக்க வேண்டும்.