கதைசொல்லலின் உளவியல்: ஜவ்வாது மலைக் கதை ஒன்றின் வழியாக

ஒரு கதை கேட்பவரின் கவனத்தை எப்படிப் பிடிக்கிறது, ஏன் நினைவில் தங்குகிறது, சில வேளைகளில் நம்பிக்கையை எப்படி மாற்றுகிறது என்பவற்றை ஆராய்வது கதைசொல்லலின் உளவியல். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் தோற்றக் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி. இங்கு 'மலையாளி' என்பது மலைவாழ் மக்களைக் குறிக்கும், கேரளத்தாரை அன்று. இவர்கள் பேசுவது தமிழ்.

கதை

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஹெச். ஏ. ஸ்டூவர்ட் பதிவு செய்த இக்கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் எடுத்துத் தந்துள்ளார். அதன் சுருக்கம்:

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இகழ்ச்சியான மறுப்பே கிடைத்தது. சினம் கொண்ட வேடர்கள் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் தாங்கள் இறந்துவிட்டதாகக் கொண்டு சடங்குகளை முடித்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ஆண்கள் போய் வேடர்களை வென்று ஊர் திரும்பியபோது மனைவியர் கைம்பெண்களாகி இருந்தார்கள், இவர்களுக்குச் சடங்கும் முடிந்திருந்தது. சாதியில் இடமில்லாமல் போன அவர்கள் வேடர் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி உழவில் இறங்கினார்கள்.

பதைப்பு பிறக்கும் இடம்

இக்கதையின் உயிர் நாய்கள் திரும்பும் இடத்தில் இருக்கிறது. அந்த நொடி முதல் அந்த ஏழு பேருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அவர்கள் வெல்ல வெல்ல நமக்குப் பதைப்பு கூடுகிறது. வகுப்பில் கதையை இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள், கடைசி வரிசை மாணவன்கூட "அப்புறம்?" என்பான்.

வில்லியம் புரூவர், எட்வர்டு லிச்சன்ஸ்டைன் என்ற உளவியலாளர்கள் 1982இல் இதை ஒரு கோட்பாடாக்கினார்கள். நிகழ்ச்சிகள் அவையே. எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதே கேட்பவரின் உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்றார்கள். நம் கதையில் இதைச் சோதிக்கலாம். நடந்த வரிசையிலேயே சொன்னால் பதைப்பு. நாய்கள் வீடு திரும்பியதை மறைத்துவைத்து, ஊர் திரும்பியவர்கள் தம் சடங்கு முடிந்திருப்பதைக் காணும்போது வெளியிட்டால் அதிர்ச்சி. 'காஞ்சிபுரத்துக்காரர்கள் ஏன் மலையேறினார்கள்?' என்று முடிவிலிருந்து தொடங்கினால் ஆவல். என் கணிப்பில் முதல் வழியே வலியது. அதிர்ச்சி ஒரு முறைதான் வேலை செய்யும். பதைப்போ, பத்தாவது முறை கேட்கும் பேரனுக்கும் வரும்.

நினைவு

கார்டன் போவர், மைக்கேல் கிளார்க் இருவரும் 1969இல் செய்த சோதனையில் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல்கள் தரப்பட்டன. சொற்களைக் கதையாகக் கோத்தவர்கள் பின்னர் ஏறக்குறைய 93 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். வெறுமனே படித்தவர்கள் 13 விழுக்காடுதான். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுத்து வருவதே காரணம். வெள்ளம் இல்லையேல் நாய்கள் திரும்பா. நாய்கள் திரும்பாவிடில் சடங்கு இல்லை, சடங்கு இல்லையேல் மலையும் இல்லை.

கேட்டதை அப்படியே சேமித்து வைப்பதும் நினைவின் இயல்பன்று. பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைத் திரும்பச் சொன்ன ஆங்கிலேயர்கள் தமக்குப் புரியாதவற்றை விட்டார்கள், அல்லது பழகியவையாக மாற்றினார்கள். வாய்மொழிக் கதையும் இப்படித்தான் தேய்கிறது. ஏழு, நாய், ஆறு போன்ற கையால் தொடக்கூடிய விவரங்கள் எளிதில் தேய்வதில்லை.

நம்பிக்கை

இக்கதையில் குற்றவாளி என்று சுட்ட வேடர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மனைவியர் சொன்னதைச் செய்தார்கள், நாய்கள் வெள்ளத்துக்கு அஞ்சின. ஒரு குடி தன் இடத்தை இழந்ததை, யாருக்கும் இழுக்கில்லாமல் இது விளக்கிவிடுகிறது. ஸ்டூவர்ட்டின் பதிவில் சக ஆண்டு 1055 (கி.பி. 1132) என்று ஆண்டுகூட உண்டு. ஆண்டு இருப்பதால் கதை வரலாறாகிவிடாது. சேர்வராயன் மலைப் பகுதி மலையாளிகளிடையே, காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் வந்ததாக வேறொரு கதை வழங்குகிறது.

மெலனி கிரீன், திமோதி பிராக் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, கதைக்குள் ஆழ்ந்தவர்கள் அதிலுள்ள பொருந்தாத இடங்களைக் குறைவாகவே கண்டார்கள், கதையை ஒட்டிய கருத்துகளையும் ஏற்றார்கள். உண்மைச் செய்தி என்று சொல்லித் தந்தாலும் கற்பனை என்று சொல்லித் தந்தாலும் இதில் பெரிய வேறுபாடில்லை.

மேலே உள்ள சுருக்கத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். தூக்கிச் செல்லப்பட்ட அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? தர்ஸ்டன் தரும் வடிவத்திலும் அதற்கு விடை இல்லை.