மருத்துவமனைக்கு வழிச்செலவு
மருத்துவம் இலவசமாயினும் மருத்துவமனை ஐம்பது மைலுக்கு அப்பால் இருப்பின், வறிய முன்னாள் படைவீரருக்கு அதனால் என்ன பயன்? படைப்பணியால் 30 விழுக்காடேனும் ஊனமுற்றோர், குறைந்த வருவாயினர் முதலியோர்க்கு அமெரிக்க அரசு வழிச்செலவு அளிக்கிறது. பல்லாண்டுகள் மைலுக்கு 11 சென்ட்டாகவே இருந்த தொகை, 2008ஆம் ஆண்டில் 41.5 சென்ட் ஆயிற்று. ஐம்பது மைல் சென்று மீள்பவருக்கு இக்கணக்கில் 41 டாலர் 50 சென்ட். அதில் 6 டாலர் பிடித்தம். மாதப் பிடித்தம் 18 டாலரை மீறலாகாது என்பது ஆறுதல். ஆயினும் விண்ணப்பத்தைச் சிகிச்சை நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சேர்த்தாக வேண்டும். கெடுவின் கொடுமையை நம் சங்க அங்கத்தினர்கள் அறிவார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர் மைல் கணக்கு எழுதுவாரா? 2020ஆம் ஆண்டில் இணையவழி விண்ணப்பமும் வந்தது. கணினி பழகாத முதியவருக்கு மகனோ பேத்தியோதான் துணை.