அறைக்கு அறை வாடகை: சட்டத்தின் பார்வை படுமா?

புது தில்லி: குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் தங்கும் பழைய ராஜேந்தர் நகர், முகர்ஜி நகர் பகுதிகளில், வீட்டை ஒரே குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட அறை அறையாகப் பிரித்து விடுவதையே உரிமையாளர்கள் பலர் விரும்புகின்றனர். தமிழகத்திலிருந்து வரும் மாணவர்களில் பலரும் இத்தகைய அறைகளில்தான் தங்குகின்றனர்.

காரணம் எளிது. அறைகளின் வாடகையைக் கூட்டினால் முழு வீட்டின் வாடகையை விஞ்சிவிடும். ஒருவர் காலி செய்தாலும் வருவாய் முற்றிலும் நின்றுவிடாது. ஆனால் பெரிய அறைகளைப் பலகையால் தடுத்து, ஜன்னலற்ற கூடுகளாக்குவதும் இதன் விளைவே.

தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ல் இயற்றப்பட்டது. 1988-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட இடங்களுக்கு அது பொருந்தாது. இன்று ஒற்றை அறையின் வாடகையே பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

"பேயிங் கெஸ்ட்" முறையில் தரப்படும் ஒப்பந்தம் பல நேரங்களில் குத்தகை அல்ல. வெறும் உரிமம் என்றே எழுதப்படுகிறது. பத்திரத்தின் பெயரைவிட இரு தரப்பினரின் நோக்கமும், இடம் யாருடைய தனி அனுபவத்தில் உள்ளது என்பதும் முக்கியம் என தில்லி இம்பீரியல் ஹோட்டல் தொடர்பான வழக்கில் 1959-லேயே உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும், தேர்வை எதிர்நோக்கும் மாணவர் வழக்காடுவாரா? முன்பணத்தை இழந்து பெட்டியைத் தூக்குவதே நடைமுறை.

நாடாளுமன்றம் 1995-ல் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தும், வணிகர்களின் எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2021-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. குடிநீர், மின்சாரத்தைத் துண்டிப்பதையும் தடை செய்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதிக்கும் இது பொருந்தும். ஆனால் தங்கும் விடுதிகளுக்கு விலக்கு உண்டு. அறையை "விடுதி" என்று அழைத்துத் தப்பிக்க அதுவே வழி.

2024 ஜூலையில் பழைய ராஜேந்தர் நகர் பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தபின் நடந்த போராட்டத்தில், அறை வாடகையும் பிரச்சினையாக எழுந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், மாதம் ரூ. 20,000 வரையிலான, குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்கும் இடங்களுக்கு வரிவிலக்கு அளிக்க ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. வரி விதிப்போர் கண்ணில் பட்ட இந்த அறைவாசி, வாடகைச் சட்டத்தின் கண்ணில் எப்போது படுவார் என்பதே கேள்வி.