பாடசாலைக்குப் பின் பிரெஞ்சு மொழிப் பயிற்சி

பாடசாலையிற் கற்ற அயன்மொழிகள், சான்றிதழ் கைக்கு வந்த சில ஆண்டுகளுள் நாவை விட்டு அகன்று விடுகின்றன. பிரெஞ்சு மொழியும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டிலே க. பொ. த. சாதாரண தரத்திற்கும் உயர் தரத்திற்கும் அஃது ஒரு பாடமாக உள்ளது. ஆயின் கற்போர் சிலரே. அச்சிலரும் பரீட்சை முடிந்ததும் நூலை மூடி விடுகின்றனர். 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் பலர் பிரான்சிற் குடியேறினர். ஆங்குப் பிறந்த பிள்ளைகள் பலர்க்குத் தமிழினும் பிரெஞ்சே எளிது. அவர்க்கும் ஈண்டுள்ள பேரன் பேத்திமார்க்கும் இடையே பேச்சு அற்றுப் போகாதிருக்க, அம்மொழி அறிந்த ஒருவரேனும் குடும்பத்தில் இருத்தல் வேண்டும். (அப்பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்தல் வேறொரு கடன், அதனை ஈண்டு விரித்திலேம்.)

முதலில் மறப்பது இலக்கணமன்று, செவிப்பழக்கமே. பிரெஞ்சிலே எழுத்து வேறு, ஒலி வேறு. ‘அவன் பேசுகிறான்’ என்பது ‘இல் பார்ல்’ என ஒலிக்கும். ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதும் ‘இல் பார்ல்’ என்றே ஒலிக்கும். பன்மைக்கென மூன்றெழுத்துக்கள் மிகுதியாக எழுதப்படினும் ஒன்றேனும் ஒலிப்பதில்லை. ஆதலின் கண்ணால் மட்டும் படித்தவர், பிரெஞ்சுக்காரர் வாய்திறந்ததும் திகைத்து நிற்பர்.

தமிழ் மாணவர்க்கு இதிலே ஒரு வசதி உண்டு. புணர்ச்சி நமக்குப் புதிதன்று. ‘லே’ என்பது பன்மைச் சுட்டு. ‘அமி’ என்பது நண்பர். சேர்ந்தொலிக்குங்கால் ‘லேஸமி’ என்றாகும். நிலைமொழியீற்றில் ஒலியாது நின்ற மெய், வருமொழி முதலில் உயிர் வரத் தோன்றுகின்றது. ‘இல் வா’ என்றால் ‘அவன் போகிறான்’. (நாம் ‘வா’ என்று அழைப்பதை அவர்கள் போவதற்குச் சொல்கின்றனர்!) அதனையே வினாவாக்கி மாற்றும்போது ‘வாதில்’ என்பர். ஈருயிர்க்கு இடையே வந்த தகரமெய், நம் யகர வகரங்கள் போன்றதோர் உடம்படுமெய்யே. நன்னூல் படித்தவர்க்கு இவ்விடம் இனிக்கும்.

எனவே நாள்தோறும் சிறிது நேரம் கேட்டலே முதற்பயிற்சி. பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர். எஃப். ஐ., எளிய பிரெஞ்சிலே பத்து நிமிடச் செய்தியறிக்கை ஒலிபரப்பி வந்துள்ளது. இணையத்தில் அதன் எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் எழுத்தைப் பாராது கேட்க. அடுத்துப் பார்த்துக் கேட்க. பின்னர் வாய்விட்டு வாசிக்க. வாரத்தில் ஒருநாள் ஒரு பந்தியைச் சொல்வதெழுதலாக எழுதித் திருத்துக. அது சிறுவர் வேலையென எண்ணற்க. 1857இல் எழுத்தாளர் மெரிமே அரசவையிற் சொல்லிய பகுதியில், மன்னர் மூன்றாம் நெப்போலியன் 75 பிழைகளும் ஒஸ்திரிய நாட்டுத் தூதுவர் 3 பிழைகளும் விட்டனர் என்பர். அயலவர் வென்றமை நமக்கு ஊக்கந் தரும்.

வாசிப்புக்கு யாம் முதலிற் சொல்வது, 1942இல் வெளிவந்த அல்பேர் கமூவின் ‘அந்நியன்’. பிரெஞ்சு நாவல்கள் பல, பேச்சில் வழங்காததோர் இறந்தகால வடிவத்தில் எழுதப்பட்டவை. மாணவர் அங்கேதான் இடறுவர். இந்நூலோ பெரும்பாலும் பேச்சுவழக்கின் இறந்தகாலத்திலே நடக்கின்றது, சிறியதுமாம். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்கிய நூலை அருகில் வைத்து ஒப்புநோக்கலாம்.

இலக்கொன்று வேண்டுவோர், பிரான்சின் கல்வி அமைச்சு வழங்கும் ‘டெல்ஃப்’ தேர்வுகளுக்கு ஆயத்தஞ் செய்யலாம். நான்கு படிகளைக் கொண்டது, சான்றிதழ் காலாவதியாவதில்லை. கொழும்பிலும் கண்டியிலுமுள்ள அலியான்ஸ் பிரான்செஸ் நிலையங்களில் விசாரித்தறிக.

உறவினரோடு தொலைபேசியிற் பேசுவார்க்கு ஒன்று கூறுவாம். பிரெஞ்சிலே ‘தூ’ என்பது நீ. ‘வூ’ என்பது நீங்கள். ஆயினும் பிரான்சிலே பேரப்பிள்ளைகள் பாட்டனையும் பாட்டியையும் ‘தூ’ என்றே அழைப்பது பெருவழக்கு. அஃது அவமதிப்பன்று, நெருக்கத்தின் குறி. ‘வூ’ என்று அவர்கள் சொல்வது கடைக்காரரையும் முன்பின் அறியாதவரையுமே.