தாயான நாயின் சுபாவம்

சென்ற மார்கழியில், எங்கள் கொல்லைத் தாழ்வாரத்தில் விறகுக்கட்டைகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இரண்டு முழ இடத்தில், தெருநாய் ஒன்று ஐந்து குட்டிகள் போட்டது. அதற்கு முந்தின நாள்வரை என் கையிலிருந்தே சோற்றுருண்டையை வாங்கித் தின்று வாலைக் குழைத்துக்கொண்டிருந்த அந்த ஜீவன், மறுநாள் விடியற்காலையில் நான் விறகெடுக்கக் குனிந்தபோது, காதைப் பின்னுக்கு மடித்து, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டி உறுமிற்று. நன்றிகெட்ட நாய் என்று வீட்டிலிருந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அது அநியாயமான தீர்ப்பு என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சுபாவ மாற்றம் பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாட்கள். கடைசி ஓரிரு நாட்களில் அது சோற்றை மோந்துவிட்டு விலகிப்போகும். இருட்டு மூலையைத் தேடும். மண்ணையோ கோணியையோ முன்னங்கால்களால் பறண்டிப் பறண்டிப் படுக்கை கூட்டும். கர்ப்பத்தைக் காத்துவந்த புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அப்போது இரத்தத்தில் சடுதியில் குறைந்துபோவதால், வழக்கமாக 38 டிகிரி செல்சியஸுக்கு மேலிருக்கும் சரீர உஷ்ணம் ஒரு டிகிரியளவு இறங்கும். இறங்கிய பின் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் பிரசவம் ஆகிவிடும்.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திராது, காது கேளாது, குளிரில் நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் சக்திகூட அதன் உடம்புக்கு இன்னும் வந்திராது. இவை எல்லாவற்றையும்விட ஆச்சரியம், தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதனால் இயலாது என்பது. சமையலறை ஜன்னல் வழியே நான் பலநாள் பார்த்திருக்கிறேன்: தாய் ஒவ்வொரு குட்டியையும் மூக்கால் மல்லாக்கப் புரட்டி, அடிவயிற்றை அழுத்தி நக்கி, அதனால் வெளிப்பட்ட மலஜலத்தைத் தானே விழுங்கிவிட்டு, பிறகே அடுத்த குட்டியிடம் போகும். ஐந்து குட்டிகள் இரவும் பகலும் கிடந்த அந்தக் கோணியில் ஈரமும் இல்லை, நாற்றமும் இல்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்தக் கைங்கரியம் நின்றால் குட்டி பிழைப்பது அரிது. ஆகவேதான் தாய் தன் பசியையும் தாகத்தையும் மறந்து, படுக்கையைவிட்டு நகர மறுக்கிறது.

பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும், குட்டிகள் முலையைச் சப்பும்போது ஊறும் ஆக்ஸிடோசினும் மடியோடு நில்லாமல் மூளையையும் தொட்டு, வாத்ஸல்யத்தையும் உக்கிரத்தையும் ஒருங்கே எழுப்புகின்றன. உறுமல் அந்த வாத்ஸல்யத்தின் மறுமுகமேயன்றி வேறல்ல. அதைக் குரோதம் என்று எண்ணிக் கோலெடுப்பவர்களும், குட்டிகளைக் காணக் கூட்டமாய்ச் சென்று நிற்பவர்களும், அந்தத் தாயைக் கலவரப்படுத்திக் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறி அலையும்படி செய்துவிடுகிறார்கள்.

பத்துப் பதினான்கு நாட்களில் குட்டிகள் கண் திறக்கும். மூன்றாம் வாரம் பல் முளைக்கத் தொடங்கியபின், பால்குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் எழுந்து போவதும், விடாமல் தொடரும் குட்டியைப் பார்த்து உறுமுவதும், சில சமயம் தான் தின்றதைக் கக்கி அவற்றுக்குக் கொடுப்பதும் உண்டு. பாசம் போய்விட்டதாக இதற்கு அர்த்தமில்லை. பால்மறக்கச் செய்யும் பருவம் வந்துவிட்டது, அவ்வளவே.

ஆயினும் ஒரு மாற்றத்தை மட்டும் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. பால் மிகுதியாகச் சுரக்கும் முதல் நான்கு வாரங்களில், முக்கியமாகச் சிறிய ஜாதி நாய்களுக்கு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, ஓயாமல் இளைத்தலும், நிலைகொள்ளாமையும், கால்கள் விறைத்தலும், பிறகு வலிப்பும் காணும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ ஒரு நாய் குட்டி போட்டிருந்தால், தண்ணீரும் சோறும் சற்று எட்டவே வைத்துவிட்டு வாருங்கள்; குழந்தைகளை அருகே விடாதீர்கள். தப்பித் தவறிக் கடித்துவிட்டால், புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எட்டு வாரம் நிறையும்வரை எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.