விளையாட்டுக் காயமும் சட்டப் பொறுப்பும்

பாடசாலை விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாள்களில் ஆசிரியர் அறையில் தவறாது எழும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?” என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் இளம் ஆசிரியர். விடை கூறுவோர் இரு கட்சியாகப் பிரிவர். ‘விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும், அங்கே சட்டத்துக்கு என்ன வேலை?’ என்பர் ஒரு சாரார். ‘நமக்கேன் வம்பு? பந்தைப் பூட்டி வையுங்கள்’ என்பர் மறு சாரார். இவ்விரு விடைகளும் பிழையானவை. அங்ஙனமாயின் சட்டம் நம்மிடம் கேட்பதுதான் யாது? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுபவன் வழக்கறிஞன் அல்லன். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியன். வழக்கில் இறங்க நேர்ந்தவர் சட்டம் கற்றாரையே நாடுதல் வேண்டும். திடலில் இறங்குவோர் அறிய வேண்டுவனவற்றை மட்டுமே ஈண்டு கூறுவேன்.

உரோமானியர் கேட்ட கேள்வி

இக்கேள்வி நேற்று முளைத்ததன்று. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட உரோமச் சட்டத் திரட்டில், மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் உல்பியன் ஆராய்ந்த சிக்கல் ஒன்று காணப்படுகிறது. சிலர் பந்து விளையாடிக் கொண்டிருக்கின்றனர். அருகே நாவிதர் ஒருவர் ஓர் அடிமைக்கு முகம் மழித்துக் கொண்டிருக்கிறார். வேகமாக அடிக்கப்பட்ட பந்து நாவிதரின் கையில் மோதுகிறது. கத்தி அடிமையின் கழுத்தை அறுத்து விடுகிறது. குற்றம் யாருடையது? பந்தடித்தவனுடையதா, நாவிதருடையதா?

எவரிடம் தவறு இருந்ததோ அவரே பொறுப்பு என்றார் ஒருவர். நாவிதர்மேல்தான் குற்றம் என்றார் மற்றொருவர். வழக்கமாகப் பந்தாடும் இடத்திலோ, ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்திலோ மழித்திருந்தால் நாவிதர்மீது பழி சுமத்த இடமுண்டு என்று உல்பியன் ஒப்பினார். ஆயினும், ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டவரிடம் தலையைக் கொடுத்தவன் தன்னையே நொந்து கொள்ள வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது என்றார் அவர்.

இன்று உலக நீதிமன்றங்கள் பேசும் மூன்று கருத்துகள் இச்சிறு கதையிலேயே அடங்கியுள்ளன. காயம் வேறு, தவறு வேறு என்பது முதலாவது. இடத்தையும் சூழலையும் நோக்க வேண்டும் என்பது இரண்டாவது. அறிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்துக்குப் பிறரைக் குறை கூற இயலாது என்பது மூன்றாவது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவில் இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படை, ‘கவனக் குறைவு’ பற்றிய ஆங்கிலப் பொதுச் சட்டமாகும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கு உரியதாக்கிற்று. சபாவுக்கும் சரவாக்குக்கும் வேறு நாள்கள் குறிக்கப்பட்டன. சிங்கப்பூரும் 1993இல் தனிச் சட்டம் இயற்றி, ஆங்கிலப் பொதுச் சட்டம் அங்குத் தொடர்வதை உறுதி செய்தது. ஆதலின் இலண்டனில் கூறப்பட்ட பழைய தீர்ப்புகள் நமக்கு அயலானவை அல்ல.

அத்தீர்ப்புகள் கேட்கும் கேள்விகள் நான்கு. அந்தப் பிள்ளையைக் காக்கும் கடமை உனக்கு இருந்ததா? நியாயமான கவனத்தைச் செலுத்தத் தவறினாயா? அத்தவறுதான் காயத்துக்குக் காரணமா? அத்தகைய கேடு விளையக்கூடும் என்று முன்னரே கருதியிருக்க முடியுமா? நான்கிற்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால்தான் நட்ட ஈடு உண்டு. ‘பிள்ளைக்கு அடிபட்டது’ என்னும் ஒன்றே போதாது.

சாலையில் விழுந்த பந்து

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மான்செஸ்டர் நகரில், கிரிக்கெட் திடலுக்கு வெளியே தெருவில் நின்ற ஒரு பெண்மணியைத் திடலிலிருந்து பறந்து வந்த பந்து தாக்கிற்று. மட்டையாளர் நின்ற இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் ஏறத்தாழ 100 கஜத் தொலைவு. இடையே வேலியும் இருந்தது. சுமார் 30 ஆண்டுகளில் ஆறு முறையளவே பந்து அவ்வாறு வெளியே சென்றிருந்தது. வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1951இல் நீதிபதிகள் கழகத்தாரைப் பொறுப்பினின்று விடுவித்தனர். பந்து வெளியே போகலாம் என்பது தெரிந்ததே. ஆயினும் அதனால் ஒருவர் காயமுறும் வாய்ப்பு மிகச் சிறிது. அத்துணைச் சிறிய ஆபத்துக்காக ஆட்டத்தை நிறுத்துமாறு சட்டம் கூறாது. அதே பந்து நாள்தோறும் தெருவில் விழுந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

இரு தாண்டு குதிரைகள்

ஆசிரியர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய வழக்குகள் இரண்டு உண்டு. இரண்டும் உடற்பயிற்சி வகுப்பில், மரத்தாலான தாண்டு குதிரையைத் தாண்டும்போது நிகழ்ந்தவை. 1936இல் தீர்ந்த வழக்கில், மாணவன் தாண்டி இறங்கும்போது தடுமாறி விழுந்தான். அருகிருந்த ஆசிரியர் அவனைத் தாங்க ஒன்றும் செய்யவில்லை. பொறுப்பு ஏற்கும்படியாயிற்று.

1952இல் தீர்ந்த வழக்கில், 12 வயது மாணவர்கள் தாண்டினர். தாண்டி வருவோனைத் தாங்க மறுபுறம் ஒரு மாணவன் நிறுத்தப்பட்டிருந்தான். இடைவேளை மணி அடித்தது. தாங்க வேண்டியவன் மணியோசை கேட்டதும் ஓடிவிட்டான்! தாண்டியவன் விழுந்து காயமுற்றான். ஆயினும் மேல்முறையீட்டு மன்றம் பள்ளியைப் பொறுப்பாக்கவில்லை. ஏன்? பயிற்சி முறை எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை, மாணவர்கள் பழகியவர்கள், தாங்கும் ஏற்பாடும் இருந்தது. நன்கு அமைந்த ஏற்பாடு ஒரு கணத்தில் கெட்டுப் போனமைக்கு ஆசிரியரைக் குற்றம் கூறல் ஆகாது.

இரு வழக்குகளிலும் பிள்ளை விழுந்தான். ஆனால் ஒன்றில் ஏற்பாடு இல்லை, மற்றொன்றில் ஏற்பாடு இருந்தது. வேறுபாடு அவ்வளவே. ஆசிரியர் கவனத்துக்கு அளவுகோல் யாதெனில், 1893ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிபதிகள் கூறியது போல, தன் மக்கள்பால் அக்கறையுள்ள தந்தையின் கவனமாகும்.

ஆட்டக்காரரும் நடுவரும்

ஆட்டக்காரர் ஒருவருக்கொருவர் எவ்வளவு பொறுப்பு? ஆட்ட விதிப்படி நிகழும் மோதலை ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டே திடலுள் நுழைகின்றனர். ஆனால் அந்த இசைவு முரட்டுத்தனத்துக்கு அளித்த உரிமம் அன்று. 1985இல் ஆங்கில மேல்முறையீட்டு மன்றம், உள்ளூர்க் காற்பந்தாட்டத்தில் அடாத முறையில் மோதி எதிரணியாளரின் காலை முறித்தவர் நட்ட ஈடு தர வேண்டும் என்று கூறிற்று. சர்வதேச வீரர்கள் ஆடிய ஆட்டமன்று அது. ஞாயிற்றுக்கிழமைத் திடல் ஆட்டமே.

இளையோர் ரக்பி ஆட்டத்தில் முட்டிமோதும் வரிசை மீண்டும் மீண்டும் சரிந்தது. 1991இல் நிகழ்ந்த அவ்வாட்டத்தில் பதினேழு வயதினன் ஒருவன் கழுத்து முறிந்து செயலிழந்தான். இளையோரைக் காக்க ஏற்பட்ட விதிகளை நடைமுறைப்படுத்தத் தவறிய நடுவர் பொறுப்பாளியே என 1996இல் முடிவாயிற்று. மாணவரோடு தாமும் ரக்பி ஆடி, ஆட்ட வேகத்தில் தம் உடற்பலத்தை மறந்து ஒரு சிறுவனைத் தாக்கி வீழ்த்திய ஆசிரியரும் 1984இல் பொறுப்பாளி ஆனார். ஆசிரியர் அணியும் மாணவர் அணியும் மோதும் நட்பு ஆட்டங்களை விரும்புவோர் இதனை மறவாதிருப்பாராக.

அடிபட்ட பின்னரும் கடமை தீர்வதில்லை. 1991 செப்டம்பரில் இலண்டனில் குத்துச்சண்டை வீரர் மைக்கேல் வாட்சன் மேடையில் மூளைக் காயமுற்றார். உடனடிச் சிகிச்சைக்கு மேடையருகே தக்க ஏற்பாடு இல்லாமையால் கேடு மிகுந்தது. விதிகளை வகுத்த குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று 2000இல் மேல்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. முதலுதவிப் பெட்டியின் சாவி எவரிடம் இருக்கிறது என்று நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

மண்வெட்டி வழக்கு

நம் நாட்டு வழக்கு ஒன்றும் உண்டு. அது விளையாட்டில் எழுந்ததன்று. பள்ளித் தோட்ட வேலையில் எழுந்தது. ஆயினும் நெறி ஒன்றே. ஒரு மாணவன் வீசிய மண்வெட்டி மற்றொருவனைக் காயப்படுத்திற்று. கருவிகளைச் சோதிக்கவில்லை, எச்சரிக்கை தரவில்லை, மாணவரைப் போதிய இடைவெளி விட்டு நிறுத்தவில்லை என்று கண்டு, 1981இல் கூட்டரசு நீதிமன்றம் அரசாங்கத்தைப் பொறுப்பாக்கிற்று. ஊழியரின் தவறு முதலாளியையும் சாரும் என்பது இதன் அடிப்படை. இதற்கு மாறாக, வகுப்பறையில் சகமாணவன் குண்டூசியால் குத்தத் திரும்பிய மாணவன் கண்ணில் காயமுற்ற வழக்கில், 1977இல் அதே மன்றம் ஆசிரியர்மீது பொறுப்பைச் சுமத்தவில்லை. அத்தகைய திடீர்க் குறும்பு அவர் முன்கூட்டிக் கருதக்கூடியதன்று.

பெற்றோரிடம் வாங்கும் இசைவுக் கடிதம் பற்றியும் ஒரு சொல். அக்கடிதம் தேவையானதே, பிள்ளை எங்கே, எந்த ஆட்டத்துக்குச் செல்கிறான் என்பதைப் பெற்றோர் அறிவர். ஆனால் அவர்கள் ஒப்புவது ஆட்டத்தோடு பிறந்த ஆபத்தை மட்டுமே. நம் கவனக் குறைவை அவர்கள் ஒப்பியதாகக் கொள்வது தன்னையே ஏமாற்றிக் கொள்வதாகும்.

நான் கற்ற பாடம்

ஆசிரியர் பயிற்சி முடித்து வெளிவந்த இரண்டாம் ஆண்டில், ஒரு தோட்டப் பள்ளியில் நீளந்தாண்டுதலுக்குப் பயிற்சி அளித்தேன். ஒரு வாரம் மழை. பின் மூன்று நாள் கடும் வெயில். மணற்குழி இறுகிக் கிடந்தது. காலையில் கொத்திவிட வேண்டும் என்று நினைத்தேன், கொத்தவில்லை. மண்வெட்டி சாமான் அறையில் இருந்தது. அதன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தாண்டிக் கையூன்றி விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது.

மாலையில் அவன் தந்தை வந்தார். பால்மரம் சீவும் தொழிலாளி. கோபம் காட்டவில்லை. “வெளையாட்டுன்னா அடிபடுறது சகஜம்தாங்க சார். ஆனா மணல் ஏன் சார் அம்புட்டுக் கெட்டியா கெடந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. வழக்கொன்றும் எழவில்லை. நீதிமன்றங்கள் நூறாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியைத்தான் அவர் கேட்டார் என்பதைப் பின்னாளில் இத்தீர்ப்புகளைப் படித்தபோது உணர்ந்தேன்.

அதற்குப் பின் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். பயந்துபோன பள்ளி, அவ்வாண்டு முழுதும் திடலுக்கு எவரையும் விடவில்லை. ஓட்டத்தில் மாவட்டம் வரை செல்லக்கூடிய பிள்ளைகள் இருவர் அவ்வாண்டோடு ஆறாம் வகுப்பு முடித்துச் சென்றனர். அரைமணி நேர மண்வெட்டி வேலைக்குப் பதிலாக, ஒரு பள்ளியின் ஓராண்டு விளையாட்டைக் கொடுத்தோம். அதுவும் காயமே, அதற்கு எந்த நீதிமன்றத்திலும் நட்ட ஈடு கிடையாது.

ஆதலின் ஆசிரிய நண்பர்களே, அச்சத்தால் பந்தைப் பூட்டாதீர்கள். போட்டிக்கு முன் திடலைச் சுற்றி நடந்து பாருங்கள். கோல் கம்பத்தை அசைத்துப் பாருங்கள். மணலைக் கொத்திவிடுங்கள். வயதுக்கும் உடலுக்கும் ஏற்ற அணியாகப் பிரியுங்கள். கற்பித்த பின்னரே தாண்டச் சொல்லுங்கள். அடிபட்டால் வண்டி யாருடையது, மருந்துப் பெட்டி எங்கே என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். செய்தவற்றை நாளேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அதன் பின்னும் ஒரு பிள்ளைக்கு அடிபடக்கூடும். அப்போது அதன் தந்தை வந்து கேட்டால், அவர் முகத்தைப் பார்த்து விடை சொல்ல நம்மால் இயலும்.