பூட்டிய மேல்தளம்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மதியம். லண்டனில் ஒரு கிளப்பின் மைதானத்துக்கு அக்கா மகனை அழைத்துப் போயிருந்தேன். இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை, மூன்றாம் சுற்று. எனக்கு 10 பவுண்டு, அவனுக்கு 5. அதே இருக்கையில் லீக் ஆட்டம் பார்ப்பதென்றால் எனக்கு மட்டுமே 50 பவுண்டுக்கு மேல் ஆகும். உட்கார்ந்ததும் பையன் எதிர்ப்புறம் கையைக் காட்டினான்.

"மாமா, அங்க மேல ஏன் ஒருத்தர்கூட இல்ல?"

"பூட்டி வச்சிருக்காங்கடா."

"டிக்கெட் விக்கலையா?"

"விக்காதுன்னு அவங்களே முன்னாடி முடிவு பண்ணிட்டாங்க."

எங்களுக்குப் பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். விலையை இவ்வளவு குறைத்தும் கூட்டம் வரவில்லை, அப்படியானால் கோப்பை மேல் யாருக்கும் ஆசையே இல்லை என்றார் ஒருவர். மற்றவருக்குக் கோபம். வருஷம் முழுக்க லீக்குக்காகக் கறந்துவிட்டு, கிறிஸ்துமஸ் செலவு முடிந்து கை வறண்டு கிடக்கும் மாதத்தில் இன்னொரு டிக்கெட் வாங்கு என்றால் நாலு பேர் உள்ள வீட்டில் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த வாதத்தைப் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இந்த வாதத்துக்குக் கோப்பையின் வயதேதான்.

முதல் இறுதி ஆட்டம் 1872 மார்ச் 16 அன்று கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. வாண்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸை ஒரு கோல் கணக்கில் வென்றது. நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங், பார்க்க வந்தவர்கள் சுமார் 2,000 பேர். 1890-இல் கால்பந்து லீக் குறைந்தபட்சக் கட்டணம் என்று வைத்தது அதில் பாதி, 6 பென்ஸ்தான். தொழிலாளி சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கூலியோடு நேரே மைதானத்துக்கு நடந்து வரக்கூடிய விலை அது. கால்பந்து அந்த ஊர்களின் சொத்தாக ஆனது அந்தச் சில்லறையால்தான் என்பது என் திடமான எண்ணம்.

அந்தக் காலத்தில் கோப்பை ஆட்டம் என்றால் என்ன என்பதற்கு மைதானங்களின் சாதனைப் பட்டியலே சாட்சி சொல்லும். மான்செஸ்டர் சிட்டியின் பழைய மெயின் ரோடு மைதானத்தில் மிகப் பெரிய கூட்டம் 84,569. ஸ்டோக் சிட்டியோடு 1934-இல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு வந்த கூட்டம் அது. சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க்கில் 75,118, 1933-இல் டார்பியோடு ஆடிய கோப்பை ஆட்டம். லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 61,905, 1952-இல் உல்வ்ஸோடு ஆடிய கோப்பை ஆட்டம். பொருளாதார மந்தத்தில் ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் மூடிக் கிடந்த வடக்கு ஊர்களில்தான் 1930-களில் இவற்றில் முதல் இரண்டு எண்ணிக்கைகளும் பதிவாகியிருக்கின்றன. கையில் காசில்லாத காலத்தில் கோப்பை மைதானம் நிரம்பியிருக்கிறது. பின்வரிசைப் பெரியவரிடம் திரும்பி இதைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

அன்று போவதே வேறு மாதிரி. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தோன்றினால் போகலாம். சுழலும் இரும்புக் கதவடியில் காசைக் கொடுத்தால் உள்ளே. அப்பாக்கள் பையனை அந்தக் கதவுக்கு மேலாகத் தூக்கி மறுபக்கம் இறக்கிவிடுவார்கள். காவலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். நின்று பார்க்கும் படிக்கட்டுகளில் பின்னால் அகப்பட்ட சிறுவர்களைப் பெரியவர்கள் தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசை வேலிக்கு அனுப்பிவைப்பார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் வெளியேறுபவர்களுக்காகக் கதவைத் திறக்கும்போது, காசில்லாமல் வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே நுழைந்து மிச்ச ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு மட்டும் இது செல்லாது. 1923-இல் வெம்பிளியில் நடந்த முதல் இறுதி ஆட்டத்துக்கு 1,26,047 பேர் என்பது கணக்கு. சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். கூட்டம் ஆடுகளத்தையே மூடிவிட, ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற வெள்ளைக் குதிரையில் ஏறி மெல்ல மெல்ல எல்லைக்கோடு வரை ஒதுக்கினார். அடுத்த ஆண்டிலிருந்து இறுதி ஆட்டத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி.

அந்த டிக்கெட்டை யாருக்குக் கொடுப்பது? பல கிளப்புகள் ஒரு வழி கண்டுபிடித்தன. ஆட்டத்தன்று விற்கும் சிறு புத்தகத்தில் ஒரு மூலையில் எண்ணிட்ட டோக்கன் ஒன்று அச்சாகியிருக்கும். கத்தரிக்கோலால் அதை வெட்டி, கட்டம் போட்ட தாளில் வரிசையாக ஒட்டிவர வேண்டும். கோப்பையில் அணி மேலே போனால், தாள் நிறைந்தவருக்கே டிக்கெட். சில ஊர்களில் கிளப்பின் ரிசர்வ் அணி ஆடும் ஆட்டத்தின் புத்தகத்திலும் டோக்கன் வைத்தார்கள். அதற்காகவே மழையில் நனைந்துகொண்டு அந்த ஆட்டத்துக்கும் போவார்கள். பசை காய்ந்து விறைத்துப்போன அப்படியொரு தாளைப் பழைய பொருட்கள் விற்கும் மேஜையில் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டம் மட்டும் காலி. அந்த வாரம் அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, வேலை மாற்றமோ. பணம் இருந்தால் மட்டும் போதாது, வந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் சட்டம். அதை நான் மதிக்கிறேன்.

அன்றைய காலத்தைப் பொன்னாக்கிப் பேச எனக்கு மனம் வராது. 1946-இல் போல்டனின் பர்ன்டன் பார்க்கில் கோப்பை ஆட்டத்துக்கு அளவு மீறிக் கூடிய கூட்டத்தில் நசுங்கி 33 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் மோதிய கோப்பை அரையிறுதியில் ரசிகர்கள் கம்பிவேலிக்குள் சிக்கி நசுங்கினார்கள். அந்தச் சாவுக் கணக்கு 97. டிக்கெட்டோடு ஒழுங்காக வந்தவர்களையே குற்றவாளிகளாகப் பேசியது அதிகாரம். தவறு ரசிகர்களுடையது அல்ல என்று 2016-இல் மரண விசாரணையின் ஜூரி சொல்லும் வரை குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர், மேல்நிலை மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990-இல் எழுதினார். அதே அறிக்கையில் விலையைப் பற்றியும் யோசித்திருக்கிறார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டுதான் என்று எடுத்துக்காட்டி, இருக்கை வந்தாலும் ஏழைக்கு எட்டும் விலையில் கொடுக்க முடியும் என்றார். கிளப்புகள் இருக்கையைப் போட்டன. விலை பற்றிய பக்கத்தைப் புரட்டிவிட்டன. 1992-இல் பிரீமியர் லீக்கும் தொலைக்காட்சிப் பணமும் வந்தபிறகு அந்த 6 பவுண்டு எங்கே போனதென்று தெரியாது.

2016 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் புதிய அரங்குக்கு 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்தபோது, சண்டர்லாந்துக்கு எதிரான லீக் ஆட்டத்தில் 77-ஆவது நிமிடம் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலை. ஆட்டம் 2-2 என முடிந்தது. நான்கு நாளில் உரிமையாளர்கள் விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று பிரீமியர் லீக் கிளப்புகள் சேர்ந்து முடிவெடுத்தன. அந்த வரம்பு லீக் ஆட்டங்களுக்குத்தான். கோப்பைக்குக் கிடையாது.

கோப்பைக்கு வேறு கணக்கு. செலவு போக வசூலில் 45 சதவீதம் உள்ளூர் அணிக்கு, 45 வெளியூர் அணிக்கு, 10 பொது நிதிக்கு. இது நீண்டகாலமாக இருந்துவரும் பங்கீடு. அதனால் விலையை ஒரு கிளப் தன்னிஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. வருகிற அணியும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய கிளப்புக்கு இந்த வசூல் பொருட்டே இல்லை, 10 பவுண்டு என்று போட்டுவிட்டு மேல்தளத்தைப் பூட்டிவிடலாம். சின்ன கிளப்புக்கு அந்தப் பூட்டிய தளம்தான் அடுத்த வருஷத்துக் கூரை, விளக்கு, சம்பளம்.

எக்ஸிடர் சிட்டியைச் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கி, லீக்கைவிட்டுக் கீழே இறங்கி, ரசிகர்களே சேர்ந்து கையில் எடுத்துக்கொண்ட கிளப். 2005 ஜனவரியில் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டோடு கோலின்றிச் சமன் செய்தது. அன்று கூட்டம் 67,551. சமன் என்றால் மறுஆட்டம், அதுவும் தங்கள் ஊரில், இன்னொரு முறை நிரம்பிய மைதானம். தோற்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் பணம் கிளப்பைக் கடனிலிருந்து மீட்க உதவியது. சரியாக 20 ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், ஐந்தாம் நிலை அணியான டாம்வொர்த் தன் சின்ன மைதானத்தில் டாட்டன்ஹாமை 90 நிமிடமும் கோலடிக்க விடாமல் நிறுத்திவைத்தது. முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் லண்டனில் 62,000 பேர் பிடிக்கும் மைதானத்தில் மறுஆட்டமும் வசூலில் பங்கும் கிடைத்திருக்கும். ஆனால் 2024-25 பருவத்திலிருந்து, தகுதிச் சுற்றுகள் தவிர, மறுஆட்டங்களை எடுத்துவிட்டார்கள். பெரிய அணிகளின் அட்டவணையில் இடமில்லையாம். கூடுதல் நேரத்தில் மூன்று கோல் வாங்கி டாம்வொர்த் வெளியேறியது. என்னால் இதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நேரமும் ஒரு விலைதான். மூன்றாம் சுற்றின் 32 ஆட்டங்களில் பெரும்பாலானவை முன்பு ஒரே சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்கும். இப்போது தொலைக்காட்சிக்காக நாலைந்து நாளுக்குப் பிரித்துப் போடுகிறார்கள். 2013 இறுதி ஆட்டத்தில் மலிவான டிக்கெட் 45 பவுண்டு, உச்சம் 115. அதோடு ஆட்டம் மாலை 5.15-க்கு. கூடுதல் நேரம் போனால் வடக்கே திரும்ப ரயில் இருக்குமா என்ற கவலையோடு வந்த விகன் ரசிகர்களுக்குக் கடைசி நிமிடங்களில் பென் வாட்சன் தலையால் முட்டிய பந்து கோப்பையோடு அந்தக் கவலைக்கும் பதில் சொன்னது.

கோப்பை மேல் ஆசை போய்விட்டது என்பவர்களுக்கு நான் மரைனைத்தான் காட்டுவேன். லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிராஸ்பியில் உள்ள எட்டாம் நிலை அணி. வீடுகளின் கொல்லை வேலியை ஒட்டியே அவர்களின் ஆடுகளம். 2021 ஜனவரியில் டாட்டன்ஹாம் அந்த ஊருக்கு வந்தபோது கொரோனாவால் ரசிகர்களுக்கு அனுமதியில்லை. கிளப்பின் வாழ்நாளிலேயே பெரிய வசூல் கைநழுவும் நிலை. 10 பவுண்டுக்கு, உள்ளே விடாத ஒரு டிக்கெட்டை விற்றார்கள். 30,697 பேர் வாங்கினார்கள், அதில் டாட்டன்ஹாம் ரசிகர்கள் ஏராளம். மைதானத்தில் அடங்கும் கூட்டத்தைப்போல் பல மடங்கு. 5-0 என்று தோற்ற ஆட்டம், நேரில் பார்க்கவும் முடியாது. ஆனாலும் அந்த 10 பவுண்டு யாருக்குப் போகிறது என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் பார்த்த ஆட்டத்தில் உள்ளூர் அணி ஜெயித்தது. வெளியே வரும்போது பையன் டிக்கெட்டைக் கேட்டான், நோட்டில் ஒட்டிவைக்க. என் போனில் இருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் காட்டினேன். முகம் தொங்கிப்போயிற்று. ஸ்டேஷன் வரை பேசவில்லை. நடைமேடையில் ரயிலுக்கு நிற்கும்போது மெல்லக் கேட்டான்.

"அடுத்த ரவுண்டுக்கும் அஞ்சு பவுண்டுதானா மாமா?"

"தெரியலடா. எந்த டீம் வருதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க."

"பெரிய டீம் வந்தா?"

ரயில் வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.